கர்ப்பப்பைக்குள்ள பாலிப்னு ஸ்கேன்ல வந்துடுச்சா? அடுத்து என்ன பண்ணணும்னு வரிசையா சொல்றேன்

ஸ்கேன் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லாரும் பண்றது ஒண்ணுதான், டாக்டர் கூப்பிடுறதுக்குள்ள கவரைப் பிரிச்சு நேரா கடைசி வரிக்குப் போயிடுவோம். எனக்கு அந்த வரியில "எண்டோமெட்ரியல் பாலிப், 14 மி.மீ." னு இருந்துச்சு. பாலிப்னா என்னன்னே தெரியாது, பக்கத்துல உக்காந்திருந்தவங்க எட்டிப் பாத்துட்டு "கட்டியா?" ன்னு கேட்டாங்க பாருங்க, அந்த ஒரு வார்த்தை போதும், அன்னைக்கு ராத்திரி தூக்கம் போச்சு. எல்லாம் முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு. நடுவுல ஒரு தடவை தேவையே இல்லாம மயக்க ஊசி போட்டுக்கிட்டேன், தப்பான நாள்ல போய் ஸ்கேன் எடுத்துட்டு வந்து குழம்பினேன், அதையெல்லாம் நீங்களும் பண்ணக்கூடாதுன்னுதான் எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, அதனால மாத்திரை பேரு, டோஸ் எல்லாம் இதுல இருக்காது, எந்த வரிசையில போகணும், எந்த இடத்துல என்ன கேக்கணும், அவ்ளோதான்.

அது என்னன்னு மொதல்ல புரிஞ்சுக்கோங்க, பாதி பயம் அங்கேயே போயிடும். கர்ப்பப்பையோட உள்பக்கம் மெத்துமெத்துன்னு ஒரு படலம் இருக்கு, அதுக்குப் பேருதான் எண்டோமெட்ரியம், மாசா மாசம் வளந்து பீரியட்ஸ்ல உதிர்ந்து வெளிய வர்றது அதுதான். அந்தப் படலத்துல ஒரு சின்ன இடம் மட்டும் மத்ததோட சேந்து உதிராம, தனக்குன்னு ஒரு ரத்தக்குழாயையும் வச்சுக்கிட்டு உள்ள நோக்கி நீண்டு வளந்துடுச்சுன்னா அதுதான் பாலிப். வாயத் திறந்து கண்ணாடியில பாத்தீங்கன்னா தொண்டையில உள்நாக்கு தொங்குதுல்ல, கிட்டத்தட்ட அந்த மாதிரி. சிலது காம்போட தொங்கும், சிலது காம்பே இல்லாம அகலமா ஒட்டிக்கிட்டு இருக்கும். சில மி.மீ.ல இருந்து சில செ.மீ. வரைக்கும் இருக்கலாம், ஒண்ணும் இருக்கலாம், நாலஞ்சும் இருக்கலாம்.

இதையும் ஃபைப்ராய்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. ஃபைப்ராய்டு கர்ப்பப்பையோட தசையில இருந்து வர்றது, கெட்டியா உருண்டையா இருக்கும். பாலிப் படலத்துல இருந்து வர்றது, மிருதுவா இருக்கும். சொந்தக்காரங்க ரெண்டுக்கும் சேத்து "கட்டி" ன்னு ஒரே பேரு வச்சிருக்காங்க, அதனால ஃபைப்ராய்டுக்கு யாருக்கோ ஆபரேஷன் நடந்த கதைய உங்க தலையில ஏத்துவாங்க. கேட்டுக்கிட்டு வந்துடுங்க, வாதம் பண்ணி ஜெயிக்க முடியாது.

ஏன் வருதுன்னு கேட்டா முழுக்காரணம் யாருக்கும் தெரியாது, ஆனா ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்கு இதுல பெரிய பங்கு இருக்கு. வயசு 40, 50ல இருக்கிறவங்களுக்குத்தான் அதிகமா வரும், வயசுக்கு வராத பொண்ணுங்களுக்கு வர்றது ரொம்ப ரொம்ப அபூர்வம். உடம்பு வெயிட் அதிகமா இருந்தா சான்ஸ் கூடும், ஏன்னா கொழுப்புத் திசுவே கொஞ்சம் ஈஸ்ட்ரோஜன் தயாரிக்கும். பிபி இருக்கிறவங்க, மெனோபாஸுக்கு அப்புறம் ஹார்மோன் மாத்திரை எடுக்குறவங்க, இவங்களுக்கும் கூடுதல். முக்கியமா ஒரு மருந்து, டமாக்சிஃபென், மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுப்பாங்க, அது மார்புல ஈஸ்ட்ரோஜனைத் தடுக்கும், ஆனா கர்ப்பப்பைக்குள்ள ஈஸ்ட்ரோஜன் மாதிரியே வேலை பாக்கும், அதனால அந்த மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு பாலிப் நிறைய வரும். நீங்க அதுல இருந்தா எந்த டாக்டர்கிட்ட போனாலும் வாயத் திறந்ததும் சொல்ல வேண்டியது இதுதான். மத்தபடி நீங்க எதையோ தப்பா பண்ணிட்டீங்க, அதனால வந்துச்சுன்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க.

இப்ப எல்லாரும் மனசுக்குள்ள வச்சிருக்கிற கேள்வி. புற்றுநோயா? பெரும்பாலும் இல்ல. நிறைய ஆய்வுகளை ஒண்ணா சேத்துப் பாத்து 2010ல ஒரு கணக்கு வந்துச்சு, இன்னும் மெனோபாஸ் ஆகாதவங்ககிட்ட இருந்து எடுத்த பாலிப்ல 100க்கு 2க்கும் கம்மியாத்தான் புற்றுநோயோ அதுக்கு முந்தின நிலையோ இருந்திருக்கு, மெனோபாஸ் ஆனவங்களுக்கு 100க்கு 5 சொச்சம். ப்ளீடிங் இருந்தவங்களுக்கு ப்ளீடிங் இல்லாதவங்களவிட அதிகம். ஆக, பயந்து நடுங்குற அளவுக்கும் இல்ல, தூக்கி ஓரமா வச்சுட்டு மறந்து போற அளவுக்கும் இல்ல. ஸ்கேனைப் பாத்து மட்டும் "இது நல்ல பாலிப்" னு யாராலயும் உறுதியா சொல்ல முடியாது, எடுத்து லேப்ல மைக்ராஸ்கோப்புக்குக் கீழ வச்சுப் பாத்தாத்தான் தெரியும். இத ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ மறுபடி வருவேன்.

நோட்டு ஒண்ணு போடுங்க

டாக்டரைப் பாக்குறதுக்கு முன்னாடி பண்ண வேண்டிய வேலை இது. "ப்ளீடிங் அதிகமா இருக்கா?" ன்னு டாக்டர் கேக்கும்போது "ஆமா, கொஞ்சம் அதிகம்தான்" னு சொன்னா அவங்களுக்கு ஒண்ணும் புரியாது. ஒரு பேப்பர்ல மாசத்துக்கு 31 கட்டம் போட்டு, தினமும் எத்தனை பேட் மாத்தினீங்க, நனைஞ்சு மாத்தினதா இல்ல சும்மா மாத்தினதா, கட்டி கட்டியா போச்சா, பீரியட்ஸ் இல்லாத நாள்ல சொட்டுப் பட்டுச்சா, அது செவப்பா பிரவுனா, உறவுக்கு அப்புறம் பட்டுச்சா, எல்லாம் குறிச்சு வைங்க. பாலிப்போட அடையாளமே இந்த நடுவுல நடுவுல படுற ஸ்பாட்டிங்தான். எனக்கு பீரியட்ஸ் முடிஞ்சு நாலாவது அஞ்சாவது நாள்ல பிரவுனா லேசா ஒரு கறை, ரெண்டு நாள் இருக்கும், நின்னுடும், ஏழெட்டு மாசம் அத ஒரு விஷயமாவே நான் எடுத்துக்கல. நோட்டுல புள்ளி வச்சதுக்கு அப்புறம்தான் அது மாசம் தவறாம வருதுன்னே தெரிஞ்சுது. சிலருக்கு ஸ்பாட்டிங்கே இருக்காது, பீரியட்ஸ்தான் எட்டு நாள் பத்து நாள்னு இழுக்கும். இன்னும் நிறைய பேருக்கு ஒரு தொந்தரவும் இருக்காது, வேற எதுக்கோ ஸ்கேன் எடுக்கப்போய் மாட்டும்.

ஒரு விஷயத்துக்கு மட்டும் நோட்டெல்லாம் போட்டு காத்திருக்கவே கூடாது. பீரியட்ஸ் நின்னு ஒரு வருஷம் தாண்டினதுக்கு அப்புறம் ஒரு சொட்டு பட்டாலும், அது செவப்போ பிரவுனோ லேசான பிங்க்கோ, ஒரே ஒரு தடவை பட்டு நின்னிருந்தாலும் சரி, அந்த வாரமே போய்ப் பாருங்க. பாதிக்கு மேல சாதாரணக் காரணமாத்தான் இருக்கும், ஆனா கர்ப்பப்பைப் புற்றுநோய் மொத மொதல்ல சத்தம் கொடுக்கிறதும் இப்படித்தான், ஆரம்பத்துலயே புடிச்சா நல்லா குணமாகுற நோய் அது.

கூடவே ரெண்டு மூணு ரத்தப் பரிசோதனை சொல்வாங்க, ஹீமோகுளோபின், தைராய்டு, கர்ப்பமாகுற வயசுன்னா ப்ரெக்னன்சி டெஸ்ட்டு. ஹீமோகுளோபின்ன சாதாரணமா நினைக்காதீங்க, மாசக்கணக்குல ரத்தம் போனா மாடி ஏறும்போது மூச்சு வாங்கும், நாமளும் வயசாச்சுன்னு நினைச்சுக்கிட்டு இருப்போம். ப்ளீடிங்குக்கு பாலிப் ஒண்ணுதான் காரணம்னு சொல்லிட முடியாது, 2011ல உலக அளவுல மகப்பேறு டாக்டர்கள் அமைப்பான ஃபிகோ இதுக்கு ஒன்பது காரணத்தை வரிசைப்படுத்தி பட்டியலே போட்டாங்க, அதுல மொதல்ல நிக்கிறது பாலிப், அப்புறம் அடினோமயோசிஸ் (படலம் கர்ப்பப்பைத் தசைக்குள்ளயே வளர்றது), ஃபைப்ராய்டு, புற்றுநோய், ரத்தம் உறையாத கோளாறு, ஹார்மோன் கோளாறுன்னு போகும். ஒருத்தருக்கே ரெண்டு மூணு காரணம் சேந்தும் இருக்கலாம்.

ஸ்கேனை எந்த நாள்ல எடுக்கணும்

இத யாருமே எனக்கு சொல்லல, அதனால கொஞ்சம் நீட்டி எழுதுறேன். ப்ளீடிங் ஆரம்பிச்ச நாள மொதல் நாள்னு எண்ணுங்க. ப்ளீடிங் நின்னதும், பத்தாவது நாளுக்குள்ள ஸ்கேன் எடுத்துடணும். ஏன்னா அப்பத்தான் படலம் மெலிசா இருக்கும், மெலிசான படலத்துல பாலிப் தனியா வெள்ளையா எடுப்பாத் தெரியும். நாள் போகப் போக படலம் தடிச்சு அதுவும் ஸ்கேன்ல வெள்ளையாயிடும், வெள்ளைச் சுவத்துல வெள்ளைச் சுண்ணாம்புக் கட்டியத் தேடுற கதைதான், இருக்கிறது தெரியாம போகலாம், இல்லாதது இருக்கிற மாதிரியும் தெரியலாம். நான் ரெண்டாவது தடவை போனது 22வது நாள். ரிப்போர்ட்ல "படலம் தடிப்பு 15 மி.மீ." னு மட்டும் வந்துச்சு, பாலிப்ங்கிற வார்த்தையே இல்ல. கரைஞ்சு போச்சுன்னு நான் சந்தோஷப்பட்டு ஒரு மாசத்தை வீணடிச்சேன். மெனோபாஸ் ஆனவங்களுக்கு இந்த நாள் கணக்கு தேவையில்ல, அவங்களுக்கு படலம் எப்பவும் மெலிசாத்தான் இருக்கணும், ப்ளீடிங்கும் இருந்து தடிப்பு 4 மி.மீ.க்கு மேலயும் இருந்தா அடுத்த பரிசோதனைக்கு அனுப்பிடுவாங்க.

வயித்து மேல வச்சுப் பாக்குற ஸ்கேனைவிட பெண்ணுறுப்பு வழியா பாக்குற டிவிஎஸ் ஸ்கேன்தான் இதுக்கு சரி. யூரின் போயிட்டு மூத்திரப்பை காலியா படுத்தா போதும், லிட்டர் லிட்டரா தண்ணி குடிச்சுட்டு துடிச்சுக்கிட்டு உக்காந்திருக்க வேண்டாம். கொஞ்சம் சங்கடமா இருக்கும், வலி பெருசா இருக்காது, வலிச்சா சொல்லுங்க. அதுலயே ரத்த ஓட்டத்தைக் கலர்ல காட்டுற கலர் டாப்ளர் போட்டுப் பாப்பாங்க, பாலிப்பா இருந்தா ஒரே ஒரு ரத்தக்குழாய் காம்பு வழியா உள்ள போறது பல தடவை தெரியும், ஃபைப்ராய்டுன்னா ரத்தக்குழாய் அதைச் சுத்தி வளையம் மாதிரி ஓடும். ரிப்போர்ட்ல பாக்க வேண்டியது நாலு விஷயம், எத்தனை இருக்கு, எவ்ளோ பெருசு, எந்த இடம், டாப்ளர்ல ரத்தக்குழாய் தெரிஞ்சுதா. "படலம் தடிப்பு" ன்னு மட்டும் மொட்டையா போட்டிருந்தா "இது மொத்தமா தடிச்சிருக்கா, ஒரு இடத்துல மட்டும் தடிச்சிருக்கா?" ன்னு கேளுங்க.

சந்தேகமாவே இருந்தா சலைன் ஸ்கேன்னு ஒண்ணு உண்டு. மெல்லிசான டியூப் வழியா கொஞ்சம் சலைன் தண்ணிய கர்ப்பப்பைக்குள்ள விட்டுக்கிட்டே டிவிஎஸ் பாப்பாங்க. ஒட்டிக்கிட்டு இருக்கிற ரெண்டு சுவரும் விலகி நடுவுல தண்ணி நிக்கும், கறுப்பா, அந்தக் கறுப்புக்குள்ள பாலிப் விரல் நீட்டின மாதிரி பளிச்சுன்னு தெரியும். ஒரு பத்து நிமிஷம், பீரியட்ஸ் வலி மாதிரி லேசா ஒரு இழு இழுக்கும்.

எடுக்கணுமா, விட்டுடலாமா

எல்லா பாலிப்பையும் எடுத்தே ஆகணும்னு இல்ல. 1 செ.மீ.க்குக் கீழ இருக்கு, ப்ளீடிங் தொந்தரவு இல்ல, மெனோபாஸ் ஆகல, கர்ப்பத்துக்கும் முயற்சி பண்ணலன்னா கொஞ்ச நாள் விட்டுப் பாக்கலாம், ஒரு வருஷத்துல நாலுல ஒண்ணு தானா காணாம போகுது, அதிலயும் சின்னதுங்கதான் போகும், பெருசு பெரும்பாலும் அசையாது. விட்டுப் பாக்குறதுன்னா மறந்துடறது இல்ல, டாக்டர் சொன்ன தேதிக்கு மறுபடி ஸ்கேன், அதுவும் அதே பத்து நாளுக்குள்ள.

ப்ளீடிங் இருந்தாலோ, மெனோபாஸுக்கு அப்புறம் ரத்தம் பட்டிருந்தாலோ, டமாக்சிஃபென்ல இருந்தாலோ, பாலிப் பெருசா இருந்தாலோ, குழந்தைக்கு முயற்சி பண்ணிக்கிட்டு இருந்தாலோ எடுத்துடறதுதான் நல்லதுன்னு சொல்வாங்க. குழந்தை விஷயத்துக்கு ஒரு நல்ல ஆய்வு இருக்கு, 2005ல ஸ்பெயின்ல நடந்தது, பாலிப் இருந்த 215 பெண்கள், எல்லாருக்கும் ஐயூஐ, அதாவது விந்தணுவ மெல்லிசான டியூப் வழியா கர்ப்பப்பைக்குள்ள விடுற சிகிச்சை, பண்ணப் போறாங்க, பாதிப் பேருக்கு முன்னாடியே பாலிப்ப எடுத்துட்டாங்க, மீதிப் பேருக்கு சாம்பிள் மட்டும் எடுத்துட்டு பாலிப்ப அப்படியே விட்டுட்டாங்க. எடுத்தவங்கள்ல 100க்கு 63 பேர் கர்ப்பமானாங்க, எடுக்காதவங்கள்ல 28 பேர். இதுல எனக்கு ஆச்சரியம் என்னன்னா எடுத்துக்கிட்டு கர்ப்பமானவங்கள்ல 100க்கு 65 பேர் மொதல் ஐயூஐக்கு முன்னாடியே, தானாவே கர்ப்பமாயிட்டாங்க.

மாத்திரையில கரையுமான்னு கேப்பீங்க, நானும் கேட்டேன். ஹார்மோன் மாத்திரை ப்ளீடிங்க கொஞ்ச நாளைக்கு அடக்கும், பாலிப்ப கரைக்கும்னு நம்பி உக்கார முடியாது, நிறுத்தினதும் பழைய கதைதான். இதக் குடி, அதக் குடின்னு வர்ற மெசேஜெல்லாம் படிக்கக்கூட வேண்டாம். அதே மாதிரி சாதாரண பாலிப்புக்கு கர்ப்பப்பையையே எடுத்துடலாம்னு யாராச்சும் சொன்னா, எழுந்து வந்து இன்னொரு டாக்டரைப் பாருங்க. லேப் ரிப்போர்ட் மோசமா வந்தாலோ வேற பெரிய காரணம் இருந்தாலோதான் அந்தப் பேச்சே வரணும். கர்ப்பப்பைக்குள்ள உள்நாக்கு சைஸுல ஒண்ணு வளந்ததுக்கு வீட்டையே இடிக்கிற மாதிரி அது.

குருட்டாம்போக்குல சுரண்ட விடாதீங்க

இதுதான் நான் மாட்டின இடம். மொதல்ல பாத்த டாக்டர், ரொம்ப சாதாரணமா, "சுத்தம் பண்ணிடலாம், சரியாயிடும்" னு சொன்னாங்க. டி அண்ட் சி. எனக்கும் வேற வழி இருக்குன்னு தெரியாது, சரின்னு தலையாட்டினேன், முழு மயக்கம் கொடுத்துப் பண்ணாங்க. லேப் ரிப்போர்ட்ல படலத்தோட துணுக்குதான் இருக்கு, சாதாரணம்னு வந்துச்சு. ரெண்டு மாசம் நிம்மதி. மூணாவது மாசம் அதே நாலாவது நாள், அதே பிரவுன் கறை. மறுபடி ஸ்கேன், இந்த தடவை எட்டாவது நாள்ல, அதே இடத்துல அதே 14 மி.மீ.

ஏன்னா டி அண்ட் சிங்கிறது கண்ணால பாக்காம ஒரு கரண்டிய உள்ள விட்டு சுவத்தைச் சுரண்டுறது. பாலிப் மிருதுவானது, காம்புல ஆடிக்கிட்டு இருக்கும், கரண்டி வந்தா வழுக்கி ஒதுங்கிக்கும், சுத்தியிருக்கிற படலம் மட்டும் வரும். வந்தாலும் பாதி பிஞ்சு வரும், அடி அங்கேயே இருக்கும், திரும்ப வளரும். சாம்பிள் எடுக்குறதுக்கு சில சமயம் டி அண்ட் சி தேவைப்படலாம், பாலிப்ப எடுக்குறதுக்கு அது சரியான வழி இல்ல. சரியான வழி ஹிஸ்டரோஸ்கோப்பி, கேமராவ உள்ள விட்டு, பாலிப்ப கண்ணால பாத்து, காம்போட அடியில வெட்டி எடுக்குறது. இது ஒண்ணும் நேத்து வந்த புதுசு இல்ல, 1869லயே பாண்டலியோனிங்கிற டாக்டர் 60 வயசு அம்மா ஒருத்தருக்கு, மெனோபாஸுக்கு அப்புறம் ப்ளீடிங், குழாய் மாதிரி ஒரு கருவிய உள்ள விட்டு வெளிச்சம் காட்டி பாலிப் மாதிரி ஒரு வளர்ச்சியப் பாத்து சில்வர் நைட்ரேட் வச்சு சுட்டிருக்கார். ஹிஸ்டரோஸ்கோப்பியோட வரலாறே ஒரு பாலிப்ல இருந்துதான் ஆரம்பிக்குது. 150 வருஷத்துக்கு முன்னாடியே பாத்துட்டுத்தான் கை வச்சிருக்காங்க, எனக்கு மட்டும் பாக்காம சுரண்டினாங்கன்னு அதப் படிச்சப்ப வந்துச்சு பாருங்க ஒரு கோவம்.

அதனால தேதி குறிக்கிறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட நேரா கேளுங்க, கேமரா வச்சுப் பாத்துதான எடுப்பீங்க, காம்போட அடி வரைக்கும் எடுப்பீங்களா, எடுத்ததை லேபுக்கு அனுப்புவீங்களா, மயக்கமா இல்ல முழிச்சிருக்கும்போதேவா. இந்த நாலு கேள்வியில எந்த டாக்டரும் கோவப்பட மாட்டாங்க, கோவப்பட்டா அதுவும் ஒரு பதில்தான்.

தேதியும் முன்னேற்பாடும்

இதுவும் பீரியட்ஸ் முடிஞ்ச உடனே வர்ற நாள்லதான் வைப்பாங்க, மெலிசான படலம்ங்கிற அதே காரணம், கர்ப்பம் இல்லைங்கிறதும் உறுதியாகும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறீங்களா, சுகர் மாத்திரையா, எதுக்காச்சும் அலர்ஜியா, முன்னாடி சிசேரியன் ஆச்சா, எல்லாத்தையும் எழுதிக் கொண்டு போங்க, அந்த இடத்துல பதட்டத்துல மறந்து போகும். நாத்தம் அடிக்கிற வெள்ளைப்படுதல், காய்ச்சல், அடிவயித்து வலி இருந்தா முன்கூட்டியே சொல்லிடுங்க, இன்ஃபெக்ஷன் இருக்கும்போது பண்ண மாட்டாங்க. சிலருக்கு கர்ப்பப்பை வாய் இளகுறதுக்கு மாத்திரை வைக்கச் சொல்வாங்க, அது வச்சா வயிறு இழுத்துப் புடிக்கும், சில சமயம் லூஸ் மோஷன் ஆகும், பயப்பட வேண்டாம். மயக்கம்னா அவங்க சொன்ன நேரத்துல இருந்து வாயில எதுவும் வைக்கக்கூடாது, நெயில் பாலிஷ் அழிச்சுட்டுப் போங்க, விரல்ல ஆக்சிஜன் பாக்குற கிளிப் மாட்டுவாங்க. முழிச்சிருக்கும்போது பண்றதுன்னா ஒரு மணி நேரம் முன்னாடி வலி மாத்திரை போட்டுக்கச் சொல்வாங்க, எந்த மாத்திரைன்னு கேட்டு வச்சுக்கோங்க. ரெண்டுக்கும் வீட்டுக்குக் கூட்டிட்டு வர ஒரு ஆள் வேணும்.

உள்ள என்ன நடக்கும்

ரெண்டாவது தடவை நான் வேற டாக்டர்கிட்ட, முழிச்சுக்கிட்டே பண்ணிக்கிட்டேன். கேமரா சில மி.மீ. தடிமன்தான், வெட்டு தையல் எதுவும் கிடையாது, பெண்ணுறுப்பு வழியா, கர்ப்பப்பை வாய் வழியா உள்ள போகும். வாயைத் தாண்டும்போதுதான் ஒரு சுரீர், அப்புறம் சலைன் உள்ள போகப் போக பீரியட்ஸ் வலி. எதிர்ல ஸ்க்ரீன். ரோஸ் கலர்ல ஒரு சின்ன குகை, ரெண்டு மூலையில ரெண்டு புள்ளி மாதிரி ஓட்டை, அதுதான் கருக்குழாய் திறக்கிற இடம்னு டாக்டர் காட்டினாங்க. வலது பக்க ஓட்டைக்குக் கொஞ்சம் கீழ அது தொங்கிக்கிட்டு இருந்துச்சு. வழவழன்னு, மேல மெல்லிசா செவப்பு ரத்தக்குழாய் ஓடி, தண்ணி அசையும்போது அதுவும் கூடவே தலையாட்டுச்சு. ஏழெட்டு மாசம் என்னைப் பாடாப் படுத்தினது இவ்ளோதானான்னு சிரிப்பு வந்துச்சு. குட்டிக் கத்திரி ஒண்ணு ஸ்க்ரீன்ல ஓரமா வந்து, காம்போட அடியில ரெண்டு மூணு வெட்டு, அது கழண்டு மிதந்துச்சு, கிடுக்கி வச்சுப் புடிச்சு வெளிய கொண்டு வந்துட்டாங்க. பாலிப்ப வெட்டுறப்ப வலி தெரியல, அதுல வலி உணர்ற நரம்பு கிட்டத்தட்ட இல்லையாம், தண்ணி நெறையுறதுதான் வலி. உள்ள போய் வெளிய வர இருபது நிமிஷம் ஆகியிருக்கும்.

பெரிய பாலிப்னா கரண்ட் லூப் வச்சு வெட்டுவாங்க, இல்ல அரைச்சு உறிஞ்சுற கருவி இருக்கு. எதுவா இருந்தாலும் பக்கத்துல ஒரு நர்ஸ் எவ்ளோ தண்ணி உள்ள போச்சு, எவ்ளோ வெளிய வந்துச்சுன்னு கணக்கு சொல்லிக்கிட்டே இருப்பாங்க. அது சும்மா இல்ல, உள்ள போன தண்ணி ரத்தத்துல அதிகமா கலந்துட்டா உடம்பு தாங்காது, சலைன்னா 2,500 மி.லி. வித்தியாசம் வந்ததும் நிறுத்திடணும், உப்பில்லாத கிளைசின் மாதிரி திரவம்னா 1,000 மி.லி. தான், இதயம் கிட்னி பலவீனமா இருந்தா இன்னும் கம்மியிலயே நிறுத்திடுவாங்க. சின்ன பாலிப்புக்கு அந்த எல்லைக்குப் பக்கத்துலகூட போகாது.

வலி தாங்கலன்னா "நிறுத்துங்க" ன்னு சொல்லலாம், பல்லைக் கடிச்சுக்கிட்டு கிடக்க வேண்டிய அவசியமே இல்ல, இன்னொரு நாள் மயக்கம் கொடுத்துப் பண்ணிக்கலாம். முடிஞ்சதும் சிலருக்கு கண்ணு இருட்டிக்கிட்டு வரும், டக்குன்னு எழுந்திரிக்காதீங்க. கர்ப்பப்பையில ஓட்டை விழுறது, இன்ஃபெக்ஷன், அதிக ரத்தப்போக்கு, இதெல்லாம் நடக்கலாம்னு ஃபாரத்துல கையெழுத்து வாங்குவாங்க, ஓட்டை விழுறது 100ல ஒருத்தருக்கும் கம்மி.

வீட்டுக்கு வந்ததுக்கு அப்புறம்

ஒண்ணு ரெண்டு நாள் பீரியட்ஸ் வலி, ஒரு வாரம், சிலருக்கு ரெண்டு வாரம் வரைக்கும் லேசா ரத்தமோ தண்ணியாவோ படும். பேட் மட்டும் வைங்க, டேம்பான், கப் எதுவும் வேண்டாம். உறவு, நீச்சல் எல்லாம் ரத்தம் நிக்கிற வரைக்கும் வேண்டாம், எத்தனை நாள்னு உங்க டாக்டரையே கேட்டுக்கோங்க. அடுத்த பீரியட்ஸ் கொஞ்சம் முன்ன பின்ன வரலாம். நான் மூணாவது நாளே வேலைக்குப் போயிட்டேன், போகலன்னாலும் தப்பில்ல.

மணிக்கு ஒரு பேட் நனைஞ்சுதுன்னா, காய்ச்சல் குளிர் வந்தா, நாத்தமா ஏதாச்சும் போனா, மாத்திரை போட்டும் வயித்து வலி ஏறிக்கிட்டே போனா, வயிறு உப்பி வாந்தி வந்தா, காலைல பாத்துக்கலாம்னு படுக்காதீங்க, உடனே போங்க.

லேப் ரிப்போர்ட்

நிறைய பேர் எடுத்தாச்சு, நிம்மதின்னு இதை வாங்கப் போறதே இல்ல. மேல சொன்னேன்ல, நல்லதா கெட்டதான்னு சொல்றது இந்தப் பேப்பர் மட்டும்தான். பாட்டில்ல போட்டு உங்க பேரு ஒட்டினதை முடிஞ்சா அங்கேயே பாத்துடுங்க, நான் பாத்தேன், வெள்ளையா வெளிறிப்போய் திரவத்துக்குள்ள கிடந்துச்சு, ஸ்க்ரீன்ல பாத்த ரோஸ் கலரெல்லாம் போயிடுச்சு.

ரிப்போர்ட்ல "பினைன் எண்டோமெட்ரியல் பாலிப்" னு இருந்தா சாதாரண பாலிப், முடிஞ்சுது. "ஹைப்பர்பிளேசியா" (படலம் அளவுக்கு மீறி வளந்திருக்கு) ன்னு ஒரு வார்த்தை வந்தா அதோட கூட "ஏட்டிபியா இல்லாத" ன்னு இருக்கா, "ஏட்டிபியாவோட" ன்னு இருக்கான்னு பாருங்க, ஏட்டிபியான்னா செல்லுங்க இயல்புக்கு மாறா இருக்குன்னு அர்த்தம், எல்லாமே அந்த ஒரு சொல்லுலதான் இருக்கு. இல்லாததுன்னா பெரும்பாலும் ஹார்மோன் சிகிச்சை, தொடர்ந்து பரிசோதனைன்னு போகும். ஏட்டிபியாவோடன்னா அது புற்றுநோய்க்கு முந்தின நிலை, பாலிப்ப எடுத்துட்டோம்னு விட முடியாது, அந்த வாரமே டாக்டர்கிட்ட உக்காந்து பேசணும், சந்தேகம்னா லேப்ல இருந்து ஸ்லைடையும் பிளாக்கையும் வாங்கி இன்னொரு பேத்தாலஜிஸ்ட்கிட்ட காட்டலாம், கேட்டா கொடுப்பாங்க. "படலத்தின் துணுக்குகள்" னு மட்டும் போட்டு பாலிப்ங்கிற பேச்சே இல்லன்னா, என் மொதல் ரிப்போர்ட் மாதிரி, பாலிப் வெளிய வரவே இல்லையோன்னு கேளுங்க. நான் அப்ப கேக்கல.

திரும்ப வருமா? வரலாம். நிறைய இருந்தவங்களுக்கும் டமாக்சிஃபென்ல இருக்கிறவங்களுக்கும் அந்த வாய்ப்பு அதிகம். வெயிட்டும் பிபியும் கட்டுக்குள்ள இருந்தா பொதுவா உடம்புக்கே நல்லது, ஆனா அத வச்சு பாலிப் வராதுன்னு யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. எல்லாருக்கும் வருஷா வருஷம் ஸ்கேன் தேவைன்னும் இல்ல, ப்ளீடிங் மறுபடி மாறினா போய்ப் பாத்தா போதும்னுதான் எனக்குச் சொன்னாங்க. ரிப்போர்ட், ஸ்கேன், டிஸ்சார்ஜ் பேப்பர் எல்லாத்தையும் ஒரே ஃபைல்ல போட்டு வைங்க, அடுத்த டாக்டர் மொதல்ல கேக்குறது அதுதான்.

நான் இப்பவும் மாசத்துக்கு 31 கட்டம் போட்டுக்கிட்டுதான் வர்றேன். நாலு மாசம் முன்னாடி 17வது கட்டத்துல லேசா ஒரு புள்ளி வச்சேன், நெஞ்சு கொஞ்சம் படபடன்னுதான் இருந்துச்சு. அடுத்த மாசம் அந்தக் கட்டம் காலி, அதுக்கு அடுத்த மாசமும் காலி.